பத்திரிகை வைக்காத புத்தக விழா

என் முதல் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அந்த ஒன்பதில் நான் ஒருத்தி, என் கணவர் ஒருவர், பதிப்பாளர் ஒருவர், ஹாலைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் ஒருவர். மூன்று பேர் வாடகை நூலகம் நடத்துகிறவர்கள். மீதி இரண்டு பேர் கீழ்மாடியில் நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியவர்கள். மாடி மாறி வந்து, போண்டாவைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

எண்பது பேருக்குச் சொல்லியிருந்த கேசரியும் போண்டாவும் கோவை காந்திபுரத்திலிருந்து பாத்திரத்தோடு பல்லடத்துக்குத் திரும்பி வந்தன. எங்கள் தறிக் குடோனில் வேலை செய்கிறவர்கள் இரண்டு நாள் அதைத் தின்றார்கள். மூன்றாம் நாள் ஒருவர் என்னிடம், "அடுத்த நோம்பி எப்பங்கக்கா?" என்று, ஏதோ பண்டிகைச் சாப்பாடு போலக் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த மனிதரோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

நான் குடும்ப நாவல் எழுதுகிறவள். கதாநாயகிக்குப் பிடிக்காத கல்யாணம் ஆகும், பிறகு பிடித்துப்போகும், நடுவில் ஒரு நாத்தனார் வந்து எல்லாவற்றையும் கலைப்பாள். பெரிய கூட்டங்களில் எங்களை எழுத்தாளர் வரிசையில் உட்கார வைப்பதில்லை. அதற்காக நான் அழுததும் இல்லை. எங்களுக்கென்று இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. திங்கள், புதன், வெள்ளி, மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு அத்தியாயம் போடுவேன். அத்தியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எபி என்பார்கள். ஒரு திங்கட்கிழமை எபி வராவிட்டால், எனக்குக் காய்ச்சலா, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டு நாற்பது பேர் எழுதுவார்கள். பெற்ற மகள்கூட அப்படி விசாரித்ததில்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல் கதைக்கு நான்கு கமெண்ட் வந்தது. அதில் இரண்டு, வேறு பெயரில் நானே போட்டுக்கொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் பிடிபட்டது. எபியை எங்கே நிறுத்தினால் அடுத்த நாள் தேடி வருவார்கள், முதல் நாள் டீசர் என்று எந்த நான்கு வரியைப் போட வேண்டும், திட்டுகிறவர்களுக்கு எப்படிச் சிரித்துக்கொண்டே பதில் எழுத வேண்டும், இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் எழுதுவேன். ஒரு இதயத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

எழுதுகிற இடம் தறிக் குடோன். வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடுகிறது. என் கணவர் தறியைப் பார்த்துக்கொள்வார், நான் தார் மெஷினைப் பார்த்துக்கொள்வேன். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சி. மெஷின் சுற்றி முடிக்கிறவரை பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுத்துக் கட்டைவிரலால் எழுதுவேன். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது என்பதால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அதுதான் வசதி. மாதம் ஒரு நாள் கரண்ட் ஷட்டவுன் வரும்போது எட்டுத் தறியும் ஓய்ந்துவிடும், அன்றைக்கு எனக்கு ஒரு வரி ஓடாது.

அந்த ஒரு நாளைத் தவிர அவர் தறியை நிறுத்த மாட்டார். மகளுடைய காதுகுத்துக்குக்கூட ஆளை வைத்து ஓட்டிய மனிதர் அவர். நான் எழுதுவதை அவர் தடுத்ததில்லை, படித்ததும் இல்லை. கேட்டால், "எனக்கு எழுத்தப் பார்த்தா கண்ணு சொக்குது அம்மணி" என்பார். பன்னிரண்டு கதைகள் எழுதி முடித்தேன். ஒன்றில்கூட ஒரு வரி அவர் கண்ணில் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டவுன்ஹால் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் பதிப்பாளர் என் ஒன்பதாவது கதையைப் புத்தகமாகப் போட முன்வந்தார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் கசப்பு. "நம்ம மாதிரி கதைய கடையில போய் யாரும் வாங்கறதில்லீங்க அம்மணி. வாடகை லைப்ரரிக்காரங்க எடுத்தாத்தான் புத்தகம் ஓடும். அவங்க கூட்டத்தப் பார்த்துத்தான் எடுப்பாங்க. ஒரு விழா வையுங்க, உங்க வாசகிங்க வரட்டும்" என்றார்.

வாசகிகளுக்கு என்ன குறை? தளத்தில் போஸ்டர் போட்டேன். ஸ்டேட்டஸில் பத்து நாள் வைத்தேன். இதயங்கள் குவிந்தன. 'கண்டிப்பா வர்றேன் அக்கா', 'முதல் வரிசை எனக்கு' என்று எழுதினார்கள். நான் அதை நம்பி எண்பது பேருக்குக் கேசரி சொன்னேன்.

மூன்று நூலகக்காரர்களும் காலி நாற்காலிகளைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், எழுந்து போனார்கள். பதிப்பாளர் புத்தகங்களைத் திரும்ப அட்டைப்பெட்டியில் அடுக்கினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்து, 'சிறிது காலம் இடைவெளி' என்று தளத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனை அணைத்து வைத்தேன். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. இத்தனை வருடம் பேசியதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சா என்று மனம் கசந்து கிடந்தது.

நான்காம் நாள் போனைத் திறந்தபோது தொண்டாமுத்தூர் வாசகி ஒருத்தியிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. அவள் நான் எழுதும் ஒவ்வொரு எபிக்கும் ஒரு பக்கத்துக்குக் கமெண்ட் எழுதுகிறவள். தொண்டாமுத்தூருக்கும் காந்திபுரத்துக்கும் டவுன் பஸ்ஸே ஓடுகிறது. அவள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எடுத்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏன் கண்ணு, நீயாவது வருவேன்னு பார்த்தேனே?"

"நீங்க கூப்பிடவே இல்லீங்களே அக்கா."

"பத்து நாளா போஸ்டர் போட்டனே!"

"அது ஊருக்குப் போட்டதுங்க. எனக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? சேலையெல்லாம் அயர்ன் பண்ணி எடுத்து வெச்சிருந்தேனுங்க. காலையில வரைக்கும் போனையே பார்த்துட்டிருந்தேன். கூப்பிடாத ஊட்டுக்கு எப்படிங்க வர்றது?"

புத்தகமாக வந்த அந்தக் கதையின் பதினேழாவது எபி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அதில் ஒரு பெரியப்பா வருவார். தம்பி மகள் கல்யாணத்துக்கு வெளுத்த வேட்டி சட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். தம்பி நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை, போனில் சொல்லியிருப்பான். கல்யாணத்துக்குப் போகும் வேன் அவர் வீட்டைத் தாண்டிப் போகும். அவர் ஏற மாட்டார், சட்டையையும் கழற்ற மாட்டார். அந்த எபியைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று வாசகிகள் அழுது தள்ளியிருந்தார்கள். அதை எழுதிய புத்திசாலிதான் அதே ஆட்களுக்குப் போஸ்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். அவர் பாவு நூல் சுற்றிய பீம் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி, "அந்தப் புள்ள சொல்றது நாயந்தான். எங்க சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு வாட்ஸப்புல அனுப்பிச்சுப்போட்டாங்கன்னு நீயும்தான் போகல" என்றார். சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

மறுநாள் டவுன்ஹாலில் பதிப்பாளர் கடைக்குப் போனேன். இன்னொரு தடவை வைப்போம் அண்ணா என்றேன். அவர் சிரித்தார்.

"மறுக்காவா? சரி, உங்க மொகத்துக்காக. ஆனா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடறேனுங்க அம்மணி. இந்தத் தடவையும் ஹால் காலியா இருந்தா உங்க அடுத்த கதைய நான் போட மாட்டேன். வேற ஆரும் போடவும் மாட்டாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வட்டாரத்தில் இந்த மாதிரிக் கதை போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

பல்லடத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் நூறு பத்திரிகை அடித்தோம். அச்சகக்காரரிடம் இருந்தது ஒரே மாதிரிதான். மேலே பிள்ளையார், கீழே 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' வரை அப்படியே விட்டுவிட்டு, 'மணமக்களை' என்ற இடத்தில் 'நூலினை' என்று மாற்றிக் கொடுத்தார். நூலினை வாழ்த்தியருள வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டது பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். வாசகிகளிடம் தனித்தனியாக முகவரி கேட்டு வாங்கி, ஊர்வாரியாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் பைக்கில் கிளம்பினோம். அன்றைக்கெல்லாம் அவர் ஆளை வைத்துத் தறி ஓட்டினார்.

தொண்டாமுத்தூரில் அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் வாழைக்காட்டில் நின்றிருந்தார்கள். யானை வந்து பாதித் தோட்டத்தை மிதித்துவிட்டுப் போயிருந்தது. சாய்ந்த மரங்களுக்கு நடுவே நின்று நான் யார் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து தெரிந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் கதை படிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவளுடைய மாமியார் தட்டத்தில் இருந்த வெற்றிலை பாக்கையும் பத்திரிகையையும் பார்த்துவிட்டு, "என்ன விசேசமுங்க? காதுகுத்துங்களா?" என்று கேட்டார்.

"பொஸ்தகமுங்க" என்றேன்.

"ஆருக்குங்க?"

நான் தட்டத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். என் கணவர் முன்னால் வந்து, "எங்கூட்டு விசேசமுங்க. பெரிய விசேசம். குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்" என்றார். வீட்டுக்காரரே அழைத்துவிட்டார். அதற்கு மேல் அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்து, வாசல் வரை வந்து, "ஊடு தேடி வந்துட்டீங்க. வராம இருப்பமுங்களா?" என்றார். மருமகள் மாமியாருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

இப்படியே பொள்ளாச்சி, சூலூர், அவிநாசி என்று போனோம். வால்பாறை மட்டும் பாக்கி நின்றது. அங்கே ஒரே ஒரு வாசகி. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். எபி போட்ட கொஞ்ச நேரத்தில், மற்ற எல்லோருக்கும் முன்னால் அவருடைய கமெண்ட்தான் வரும். எப்போதும் ஒரே வரி: 'படிச்சாச்சுங்க அக்கா. அடுத்தது எப்பங்க?' இத்தனை எழுதுகிறேனே, நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா என்று நானே நினைத்ததுண்டு. ஒரு ஆளுக்காக நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதா என்று சலித்துக்கொண்டு போனில் அழைத்தேன். "சரிங்க அக்கா, வாரேனுங்க" என்றார். மிக மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையிலேயே அவர் வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"நேர்ல போலாம்" என்றார் என் கணவர்.

"ஒரு ஆளுக்குங்களா?"

"ஒரு ஆளுன்னா ஆளில்லையா?"

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போனோம். ஆழியாறு தாண்டியதிலிருந்து நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் இறங்கி விசாரித்தபோது அவர் சர்ச்சுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தோம். கூட இரண்டு பெண்களோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தவர், என் கையில் தட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். போனில் கேட்ட குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயதில் சின்னவர்.

வீட்டுக்குள் சுவரில் இயேசு படம் இருந்தது. எனக்குத் திடீரென்று பத்திரிகையில் இருக்கும் பிள்ளையாரும் நான்கு மூலை மஞ்சளும் நினைவுக்கு வந்து கொஞ்சம் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, அந்தப் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். பிறகு அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"கல்யாணமாகி மேல வர்றதுக்கு முன்ன கீழதானுங்க அக்கா இருந்தோம், பொள்ளாச்சிக்குப் பக்கத்துல. எங்கப்பா அம்மா தோட்ட வேலை. பண்ணையத்துக்காரங்க ஊட்டுல நோம்பின்னா வேலைக்கு வரச் சொல்லுவாங்க. எல வெச்சு சோறும் போடுவாங்க, குறை சொல்லக்கூடாது. ஆனா எங்கூட்டுக்கு வந்து ஆரும் பத்திரிகை வெச்சதில்லீங்க."

டீயை வாங்கிக் குடித்தேன். அதன் சூடு தொண்டையில் இறங்கும்போது எனக்கு எங்கள் அப்பாவின் தோட்டம் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு ஒரம்பரை, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் அலைந்து பத்திரிகை வைத்தார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வேலிக்கு இந்தப்பக்கம் நின்றபடியே, "வெள்ளிக்கெழமை வந்துருங்க" என்று ஒரு வார்த்தை. அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. இங்கே வராமல் போனிலேயே முடித்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது, "கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வரலாமுங்களா அக்கா?" என்று கேட்டார்.

"எத்தன பேர வேணாலும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

விழா நாளும் வந்தது. அதே காந்திபுரம், அதே ஹால், அதே வாட்ச்மேன். என்னைப் பார்த்து அவர் பரிதாபமாகச் சிரித்தார். ஒன்பதரை மணிக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. முதலில் ஒரு தாம்பாளம் தெரிந்தது, பிறகுதான் அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. தொண்டாமுத்தூர் மாமியார், பட்டுச்சேலையில், தட்டில் தேங்காய், வெற்றிலை, ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு ஏறி வந்தார். பின்னாலேயே மகன், அயர்ன் பண்ணிய சேலையில் மருமகள், இன்னும் நாலைந்து பேர்.

"யானை மிச்சம் வெச்சதுங்க" என்று பழத்தைக் காட்டினார்.

அவர்கள் மட்டுமில்லை. பொள்ளாச்சி வாசகி இளநீர்க் குலையோடு வந்தார். சூலூரிலிருந்து வந்தவர்கள் தட்டில் ரவிக்கைத் துணி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து முறையாக அழைத்தால் முறையாகச் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். புத்தகத்துக்குச் சீர் உண்டா இல்லையா என்று யாரும் யோசிக்கவில்லை. மேடையில் அடுக்கி வைத்திருந்த புத்தகங்களுக்கு முன்னால் தட்டுகளை வரிசையாகப் பரப்பினார்கள். பதிப்பாளர் அண்ணா என் காதருகே வந்து, "அம்மணி, இது பொஸ்தக வெளியீடா, வளைகாப்பா?" என்று கேட்டார். ஆனால் அவர் கண் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு உட்கார இடமில்லை.

வால்பாறைக்காரரை மட்டும் காணவில்லை. போன் போகவில்லை. போன தடவை வந்த மூன்று நூலகக்காரர்களில் ஒருவர்தான் திரும்ப வந்திருந்தார், திருப்பூர்க்காரர். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் அண்ணா, பத்து நிமிடம் என்று பதினொன்றரை வரை இழுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. புத்தகத்தை வெளியிட்டோம். கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பாதிதான் காதில் விழுந்தது. கண் படிக்கட்டிலேயே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு ஜனங்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வந்தார். வளைவில் ஒரு லாரி மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டிகள் நகரவில்லையாம். ஒரு தட்டில் தேயிலைத்தூள் பொட்டலங்களை அடுக்கி, மேலே பூ வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பத்துப் பெண்கள் ஏறி வந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க கண்ணு, முடிச்சுட்டோம்" என்றேன்.

"அதுக்கென்னங்க அக்கா, கல்யாணத்துக்குப் பிந்தி வந்தா பந்திக்கு உக்காந்துக்கறதுதானுங்க" என்றார். பிறகு பின்னால் நின்றவர்களைக் காட்டி, "இவங்கெல்லாம் உங்க கதை கேக்கறவங்கங்க. சோத்து நேரத்துல மேட்டுல டவர் கெடைக்குமுங்க. நான் படிப்பேன், இவங்க கேப்பாங்க. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிச்சு முடிச்சதும் வேலைக்கு விசில் அடிச்சுப்போடுவாங்க, அதான் கமெண்ட் நீளமா எழுத முடியறதில்லீங்க" என்றார்.

நான் ஒரு ஆள் என்று கணக்குப் போட்டது பதினோரு ஆள்.

தொண்டாமுத்தூர் மாமியார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து வால்பாறைக்காரர் கையில் கொடுத்தார். "எனக்கும் படிக்கத் தெரியாது கண்ணு. காலையில இருந்து ஆளாளுக்கு வாழ்த்திப் பேசறாங்க. உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. நீ படி பாக்கலாம்."

வால்பாறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மைக்கை அவர் எடுக்கவில்லை. மேட்டில் பத்துப் பேருக்குக் கேட்க வைத்துப் பழகிய குரல், அதற்கு மைக் வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பதினேழாவது அத்தியாயத்தில் நிறுத்திப் படிக்க ஆரம்பித்தார்.

பெரியப்பா வேட்டி சட்டையோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். வேன் சத்தம் தூரத்தில் கேட்டது. முதலில் சிரித்தார்கள். பிறகு கை கழுவப் போனவர்கள் ஈரக்கையோடு நின்றார்கள். திருப்பூர் நூலகக்காரர் வாசலில் செருப்பை மாட்டியிருந்தார். வேன் அந்த வீட்டைத் தாண்டிப் போன இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தொண்டாமுத்தூர் மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொய்யாச்சும் ஒரு எட்டு போய் கூப்பிட்டிருக்கலாமல்லோ அந்தத் தம்பி" என்று கதையில் வரும் தம்பியைத் திட்டினார்.

நான் எழுதிய வார்த்தைகள்தான் அவை. ஆனால் எட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் கட்டைவிரலால் எழுதியவை. என் கதையை நானே சத்தமாகப் படித்ததில்லை, வேறு யாரும் படித்துக் கேட்டதும் இல்லை. அதற்கு ஒரு ஓசை உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுதேன். சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில், எல்லோர் முன்னாலும் நன்றாகவே அழுதேன்.

அன்று விற்றது போக மீதிப் புத்தகங்களைத் திருப்பூர்க்காரரே எடுத்துக்கொண்டார். வால்பாறையிலிருந்து வந்த பதினோரு பேரும் சேர்ந்து வாங்கியது ஒரே ஒரு பிரதி. "ஒண்ணு போதுமுங்களே, இவதான படிக்கப் போறா?" என்றார்கள். பதிப்பாளர் அண்ணாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பிரதியில் பதினோரு பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செருப்பைக் கழற்றிய அந்த நூலகக்காரர்தான் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். "எங்க லைப்ரரிக்கு வர்ற பெரியவங்கல்லாம் கண்ணு தெரியலைன்னு நின்னுட்டாங்க. அந்தம்மா கொரல்லயே ஆடியோவாப் போட்டா என்னுங்க?" பதிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கதையைப் போடமாட்டேன் என்று சொன்னதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. இன்றைக்கு எனக்கு அச்சில் ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. ஆறையும் வால்பாறைக்காரரின் குரலில் கேட்கலாம். மலையில் வேலை முடிந்து வந்ததும், பீரோ கதவைத் திறந்து வைத்து, எதிரொலி வராமல் துணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து படித்து அனுப்புகிறார். எப்படி ஒரு எழுத்தாளராக ஆனீர்கள் என்று யாராவது கேட்டால், நான் அழைக்கப் போன வீடுகளைத்தான் சொல்கிறேன். அவர்கள் எழுந்து வந்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு வெறுமனே தார் சுற்றிக்கொண்டிருப்பேன்.

முதல் ஆடியோ வெளியான நாளைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை. வழக்கமான நேரத்தையே வைத்தோம். நான் தார் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, அடுத்த எபியைப் போனில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று முதல் தறி நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது நின்றது, மூன்றாவது நின்றது. கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மெஷினும் ஓடுகிறது.

அவர் ஒவ்வொரு தறியாக நடந்து போய்ச் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார். எட்டாவதும் ஓய்ந்தது. வேலையாட்கள் என்ன ஏது என்று விழித்தார்கள். அவர் பாவு பீம் மேல் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலையிலிருந்து அந்தக் குரல் என் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தது.

"என்னுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"சத்தத்துல கேக்க மாட்டீங்குது அம்மணி" என்றார். "அந்த மெஷினையும் நிறுத்து."